லென்ஸும் கைத்திறனும்

சேலைகளைப் படமெடுக்க விலையுயர்ந்த லென்ஸ் வேண்டுமா, திறமை போதுமா என அங்கத்தினர் சிலர் நம்மை வினவினர். ஜூலியா மார்கரெட் காமெரான் அம்மையாரின் வரலாற்றை முதலில் நோக்குவோம். கல்கத்தாவில் பிறந்த இவர், 1863-இல் தம் 48-ஆவது வயதில், மகள் பரிசளித்த காமிராவைக் கொண்டு இங்கிலாந்தில் இக்கலையைத் தொடங்கினார்.

அவருடைய முதல் லென்ஸ் குறையுடையது. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் ஒளி ஓரிடத்திலும், அக்காலத் தட்டில் பதியும் நீல ஒளி வேறிடத்திலும் குவிந்தன. ஆகவே திரையில் தெளிவாயிருந்த முகம் தட்டில் மங்கியது. வேறு கருவி வாய்த்த பின்னரும் அம்மையார் அம்மங்கலை விடவில்லை. தம் கண்ணுக்கு அழகெனப் பட்ட இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திக்கொண்டார். ஏளனம் செய்தோர் பலர். 1867-இல் அறிஞர் ஜான் ஹெர்ஷலைப் படமெடுக்குமுன், அவருடைய நரைமுடியைக் கழுவச் செய்து, ஒளி படியுமாறு கலைத்துவிட்டாராம். இவ்வறிவை எந்த லென்ஸ் தரும்?

ஆயினும் லென்ஸை இகழ்தல் பிழை. 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டு அமைத்த லென்ஸ், முந்தியவற்றினும் பன்மடங்கு ஒளியை உட்கொண்டது. அதனால் முகப்படம் எடுப்பது எளிதாயிற்று. நெசவாளர் கவனிக்கத்தக்கது வேறொன்று. எளிய லென்ஸில் சேலையின் நேர்க்கரை வில்லாய் வளையும். 1866-இல் டால்மேயர், துளையின் இருபுறமும் ஒத்த கண்ணாடிகளை வைத்து அவ்வளைவை நீக்கினார். காமிரா வாங்கச் செல்வோர் கரைச்சேலை ஒன்றை உடன் கொண்டுபோய், கரை படத்தின் ஓரத்தில் விழும்படி எடுத்துப் பார்த்து வாங்குக.