ஊர்ப் பொதுச்சோலை

கள்ளக்குறிச்சி என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் 'குறிச்சி' என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு வழங்கும் பழம்பெயராகும். மேற்றிசையிற் கல்வராயன் மலை நிற்க, அம்மலையிற் பிறந்த கோமுகியாறு அருகே ஓட, பெயருக்கேற்ற இடத்திலேயே இவ்வூர் அமைந்துள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் முதல் இது தனி மாவட்டமொன்றன் தலைநகராக விளங்குகின்றது. தலைநகராகிய ஊருக்கு அலுவலகங்கள் வரும், வீட்டுமனைகள் பெருகும், நிலத்தின் விலை ஏறும். ஆயின் ஊரார் யாவரும் சென்று தங்குதற்குரிய பொதுச்சோலை ஒன்று அவ்வூருக்கு எவ்வாறு அமைதல் வேண்டும்? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

சோலை தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையில், மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்துச் சோலைகள் பல பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் இலவந்திகைச் சோலை வேந்தன் சுற்றத்தார்க்குரியது, உய்யானம் தெய்வத்தார்க்குரியது. ஊர்ப் பொதுமக்கள் கூடியது பெரும்பாலும் மன்றத்து மரநிழலிலும் குளக்கரையிலுமேயாம். எனவே இந்நாளிற் பூங்கா என நாம் வழங்குவது, வேந்தனது சோலையின் அழகையும் மன்றத்தின் பொதுமையையும் ஒருங்கே வேண்டி நிற்பதோர் அமைப்பு. இவ்விரண்டனுள் ஒன்றை இழக்க நேரின் எதனை இழக்கலாம் என வினவுவார்க்கு, அழகை இழக்கலாம் என்றே விடை கூறுவோம்.

மேனாட்டிலும் இப்பொதுமை பிற்காலத்தே தோன்றியது. பொதுப்பணங் கொண்டு பொதுமக்கட்கென்றே அமைத்த பூங்காக்களுள் முற்பட்டதாகிய பர்க்கன்ஹெட் பூங்கா இங்கிலாந்தில் 1847இல் திறக்கப்பெற்றது. அதன்பின் பன்னீராண்டே கழிந்த நிலையில், 1859இல், சென்னை ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் 'மக்கள் பூங்கா' ஒன்றனைச் சென்னையில் ஏற்படுத்தினார். அதன் பரப்பு 116 ஏக்கர். அதனுள் 11 குளங்களும் ஐந்தரை மைல் நீளமுள்ள வழிகளும் இருந்தன. விலங்குக் காட்சிச்சாலையும், இசை மேடையும், நீராடுமிடமும் அமைந்திருந்தன.

அப்பூங்கா இன்று எங்கே? சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே இறங்குவார் அதன் மீதே நடக்கின்றனர், அறிவார் சிலரே. விக்டோரியா பொதுமண்டபத்திற்கென ஒரு துண்டு போயிற்று. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டிற்கு ஒரு துண்டு. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு. விளையாட்டரங்கிற்கு மற்றொரு துண்டு. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று, அவ்விடம் இருப்புப்பாதைக்காயிற்று. விலங்குகளும் அவ்வாண்டில் வண்டலூருக்குச் சென்றன. இங்கே ஒன்று நோக்கத்தக்கது. அந்நிலத்தைக் கவர்ந்தவர் கள்வரல்லர். எடுத்தவையெல்லாம் நல்ல காரியங்களே: மண்டபம் வேண்டாமென்பார் யார்? நகராண்மைக்கு மனை வேண்டாமென்பார் யார்? வெற்றிடமாகத் தோன்றுவதால், பொதுச்சோலையானது ஒவ்வொரு நற்காரியத்திற்கும் எளிதிற் கிடைக்கும் நிலமாகிவிடுகின்றது. ஆகவே கள்ளக்குறிச்சியார் மரக்கன்று நடுமுன் செய்யத்தக்கது, அந்நிலம் வேறெதற்கும் மாற்றப்படாதென்னும் ஆவணத்தை உறுதிசெய்தலேயாகும்.

எவ்வளவு நிலம் வேண்டும்? இந்திய அரசு 2014இல் வெளியிட்ட நகர்த்திட்ட நெறிமுறைகள் ஆளொருவர்க்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டுமென்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கள்ளக்குறிச்சியில் வாழ்ந்தோர் 50,000க்கு மேற்பட்டவர். பத்துப் பத்தாகக் கணக்கிட்டாலும் ஐந்து லட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 124 ஏக்கர், ஆகும். டிரெவெல்யன் ஒதுக்கிய பரப்பும் ஏறக்குறைய இதுவேயென்பது வியப்பு. இத்துணை நிலம் ஓரிடத்திற் கிடைப்பது அரிது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்திலொரு பங்கு பொதுவெளிக்கென விடப்படவேண்டுமென்பது தமிழ்நாட்டு விதி. அவ்வாறு விடப்பெற்ற சிறு துண்டுகள் பல ஊர்களில் முட்செடி மண்டிக் கிடத்தலை நாம் கண்டிருக்கின்றோம். ஒரு பெருஞ்சோலையும் தெருத்தோறும் இத்தகைய சிறு தோப்புகளுமாக அமைப்பதே இயல்வது.

நிற்க. நீரைப்பற்றி விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் பூங்காக்கள் பட்டுப்போவது பெரும்பாலும் நீரின்மையாலேயே. இக்காலத்துப் பூங்காவென்றவுடன் பச்சைப் புல்தரையே பலர் மனத்தில் தோன்றுகின்றது. அது குளிர்நாட்டு வழக்கம். நம் நாட்டுக் கோடையிற் புல்தரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழ நீர் வேண்டும். ஓர் ஏக்கருக்கு இது 20,000 லிட்டராகும். நகரத்தில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்பது குடிநீர்த் திட்டத்தார் கணக்கு. ஆக, ஓர் ஏக்கர்ப் புல் ஏறத்தாழ 150 பேருடைய நீரைக் குடித்துவிடும். சித்திரை வைகாசியிற் குடத்துடன் குழாயடியில் நிற்கும் மகளிர் முன்னே இப்புல்லுக்கு நீர் பாய்ச்சுதல் தகுமோ?

மாறாக, வானம் தருவதைத் தேக்கினால் எவ்வளவு கிடைக்கும்? ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரிற் பெய்தால் அது 40,000 லிட்டர். இப்பகுதிக்கு ஐப்பசி கார்த்திகை மழை சில நாளிற் கொட்டிவிட்டுப் போவது. அதனைத் தாங்கச் சோலையின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு குளம் வேண்டும். ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் பறவைகள் இறங்கி நடக்கத்தக்க சரிவாகவும் அஃது இருத்தல் நலம். மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லட்டும்; இது நம் முன்னோர் அறிந்த முறையே. சிறுவர் விளையாடும் திடலையும் சுற்றுநிலத்தினும் ஓரடி தாழ்த்தி அமைக்கலாம். ஓர் ஏக்கர்த் திடல் நிறைந்தால் 12 லட்சம் லிட்டர் நிற்கும். அது மெல்ல மண்ணுள் இறங்கிக் கிணறுகளை ஊறச்செய்யும். ஆனால் திடலின் அடியில் மணலும் சரளையும் பரப்பி, ஒரு வாரத்துக்குள் நீர் முற்றும் வடியுமாறு செய்தல் இன்றியமையாதது. இல்லையேற் கொசு பெருகும். மழைநாளிற் சிறுவர்க்கு ஆட்டம் சில நாள் தடைப்படும். அவர்கள் அந்நீரிற் காகிதக் கப்பல் விடுவரேயன்றி வருந்தார்.

மரங்களைத் தேர்வதிலும் மலையே நமக்கு ஆசிரியன். அடிவாரத்து மண்ணுக்குப் பழகிய வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல் என்பன முதலிரண்டு மூன்று கோடைகளில் நீர் பெற்றுவிட்டால் பின்னர்த் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். குளக்கரைக்கு மருதே சிறந்தது. ஆலும் அரசும் கட்டடங்களுக்கு எட்டி நிற்கட்டும். அவற்றின் வேர்க்குச் சுவரென்றும் பாறையென்றும் வேற்றுமையில்லை. வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் நடலாம். ஆடு தொடாத இலை என்று பாமரரும் அதன் பெயருக்குப் பொருளுரைப்பர். கள்ளக்குறிச்சித் தெருக்களில் உலவும் ஆடுகளை நோக்கின் இக்குணம் சிறிதன்று.

இனி, இச்சோலைக்கு வருவோர் யாவர்? காலையில் உலாவும் அலுவலாளரை மட்டும் எண்ணித் திட்டம் வகுப்பாருளர். நாம் முதற்கண் எண்ணவேண்டுவது மலையினின்றும் இறங்கி வருவாரை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976வரை ஜாகீர்தார்களின் ஆட்சிக்கீழ் இருந்தவர். பொதுநிலம் என்பதன் அருமையை நம்மினும் நன்கறிவார். வெள்ளிமலையில் வட்ட அலுவலகம் இருப்பினும், மாவட்ட அலுவல்களுக்கும், 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அவர்கள் கீழே வரவேண்டியிருக்கின்றது. அலுவல் முடியும்வரையும் பேருந்து வரும்வரையும் அவர்கள் தங்குவதெங்கே? கைக்குழந்தையுடன் வந்த தாய்க்கு ஒரு நிழல், குடிநீர், தூய கழிப்பிடம், சுமையிறக்கி வைக்க ஒரு திண்ணை ஆகிய நான்கும் இன்றி எத்துணை நீரூற்றுகள் ஒளிவீசினும் பயனில்லை. ஆதலின் சோலையின் ஒரு வாயில் பேருந்து நிற்குமிடத்தை நோக்கியிருத்தல் வேண்டும். நுழைவுக்கட்டணம் கூடாதென்பதும் நம் கருத்து. பராமரிப்புக்குப் பணம் எங்கே என்பார்க்கு, தெருவிளக்குக்கு யாரும் சீட்டு வாங்குவதில்லை என்பதே விடை.

இத்துடன் ஒரு படிப்பகமும், மாலையிற் பெண்கள் அச்சமின்றி நடத்தற்கு நல்ல விளக்கொளியும் வேண்டும். வழிகளிற் பெரும்பாலன மண்ணும் சரளையுமாக இருக்கலாம். ஆயின் ஒரு சுற்றேனும் சக்கர நாற்காலி செல்லுமாறு கெட்டியாக அமைதல் முறை.

இருக்கைகளுக்கு வேற்றூர்ச் சிமெண்டுப் பலகைகளைத் தருவிக்கவேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத் தொழில் 2021இற் புவிசார் குறியீடு பெற்றது. தெய்வ உருவங்களைச் செதுக்கும் அக்கைகள் ஒரு பலகைக்குச் சாய்வும் இருமருங்கும் கைப்பிடியும் அமைத்துத் தருதல் அரிதன்று. மழைபடாத மண்டபத்திலும் படிப்பகத்திலும் அவற்றை இடலாம். இருக்கை ஏறக்குறைய ஒன்றரையடி உயரமிருத்தல் வேண்டும். கைப்பிடியை வேலைப்பாட்டுக்காக மெலிதாக்காமல் உறுதியாக வைத்தல் வேண்டும். முதியவர் எழும்போது தம் உடலின் பாரமெல்லாம் அதன்மேலேயே வைப்பர்.