பேனா வைத்த பெரிய போன் வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் குறிப்பெடுக்க, பேனாவோடு வரும் பெரிய திரை போன்தான் வேண்டும் என்கிறாள் மகள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கித் தரலாமா?
– வாசகி, மதுரை

பதில்: 2011-ல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் வந்தபோது அதன் 5.3 அங்குலத் திரையே பலருக்குப் பூதாகரமாகத் தெரிந்தது. 2022-ல் வந்த எஸ்22 அல்ட்ராவின் திரை 6.8 அங்குலம், பேனா போனுக்குள்ளேயே செருகியிருக்கும்.

அந்தப் பேனா கெட்டிக்காரப் பேனாதான். எழுதுவதற்கு அதற்கு பேட்டரி வேண்டாம். திரைக்கு அடியில் உருவாகும் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். போன் பூட்டியிருக்கும்போதே பேனாவை உருவி, கறுப்புத் திரையில் ஒரு நம்பரைக் குறித்துவிடலாம். பிடிஎஃப்-பில் கையெழுத்துப் போடவும், படத்தில் ஒரு இடத்தைச் சுழித்துக் காட்டவும் விரலைவிட எத்தனையோ மேல்.

குறைகளும் உண்டு. அந்த எஸ்22 அல்ட்ராவின் எடை 228 கிராம். ஒரு கையால் டைப் செய்வது சிரமம். சட்டைப் பை தொங்கும். கீழே விழுந்து திரை உடைந்தால் செலவு பழுக்கும். பேனா தொலைந்தால் தனியாக வாங்க வேண்டும்.

முக்கியமான விஷயம், எத்தனை பெரிய போனானாலும் நோட்டுப் பக்கம் ஆகாது. நாலு வரி சமன்பாடு எழுதியதுமே திரையைத் தள்ள வேண்டியிருக்கும். மகளுக்குக் குறிப்பெடுப்பதுதான் தேவையென்றால், இருக்கும் போனே போதும். பெட்டியிலேயே பேனாவோடு வரும் 10 அங்குல டேப்லெட் ஒன்று வாங்கிக்கொடுங்கள். பாதிப் பணம் மிச்சம்!