டிப்ளமோவா, பிளஸ் டூவா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரத்தான் ஆசைப்படுகிறான். "டிகிரி இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள்?" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தயங்காமல் சேர்த்துவிடுங்கள், அம்மா. டிப்ளமோ 3 ஆண்டுப் படிப்பு. பிறகு மேலே படிக்க விரும்பினால் பி.இ. வகுப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிகிரி எங்கும் ஓடிப்போகாது.

ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் வேலைக்கு டிப்ளமோவே போதும். படித்து முடித்ததும், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சியும் பெறலாம். அதை மட்டும் தவறவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு முதல் வேலை அங்கிருந்துதான் வருகிறது.

கோவையில் ஒரு பட்டறையில் டிப்ளமோ முடித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். லேத்தில் கடைந்த தண்டைத் துணியால் துடைத்து, வெர்னியர் காலிப்பரில் அளந்தான். "இன்னும் 0.02 மி.மீ. எடுக்கணும் சார்" என்றான். அந்தக் கைப்பழக்கத்தைத் தேர்வுத்தாளில் எழுதி வாங்க முடியாது.

குறையும் உண்டு. ஐ.ஏ.எஸ்., குரூப்-1 தேர்வுகளுக்குப் பட்டம் கட்டாயம். சில கம்பெனிகளில் டிப்ளமோக்காரர்களின் பதவி உயர்வு சூப்பர்வைசரோடு நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் அது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.இ. முடிப்பவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

சேர்க்கும் முன் கல்லூரிப் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். லேத்துக்கு அடியில் புது இரும்புச் சுருள் கிடந்தால் பணம் கட்டுங்கள். தூசிதான் கிடக்கிறது என்றால் வேறு கல்லூரி தேடுங்கள்.