கிராபிக்ஸ் கார்டும் அதற்கேற்ற மின் இணைப்பும்

கிணற்றுக்குப் புதிய மோட்டார் வாங்குமுன் அதன் குதிரைத் திறனையும், அதற்கேற்ற மின்கம்பியின் கனத்தையும் நாம் விசாரித்தறிகின்றோம். பஞ்சாயத்துப் பணத்தில் கணிப்பொறிக்குப் பாகம் வாங்கும்போதும் இதே கவனம் அவசியமாகும். வரைபடம் தயாரிக்கவும் காணொளி தொகுக்கவும் பயிலும் கிராம இளைஞர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு பெரிதும் உதவும். அதற்கு மின்சாரம் அளிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி. இவ்விரண்டும் பொருந்தாவிடில் பணம் வீணாவதுடன் தீ அபாயமும் உண்டு.

மதர்போர்டில் கார்டைச் செருகும் துளைவரிசை 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டுமாயின் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு பின் இணைப்பு 75 வாட்டும், எட்டு பின் இணைப்பு 150 வாட்டும் தரும். புதிய பதினாறு பின் இணைப்பு 600 வாட் வரை தரவல்லது.

உதாரணமாக, 2021-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட் தேவை. துளைவரிசையின் 75 வாட்டும் எட்டு பின் இணைப்பு ஒன்றின் 150 வாட்டும் சேர்ந்து 225 வாட் ஆகின்றமையின் இது போதும். எனினும் கணிப்பொறி முழுவதற்குமாக 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமென உற்பத்தியாளர் கூறுகின்றனர்.

பெட்டியின் மீதுள்ள மொத்த வாட்டை மட்டும் நம்பலாகாது. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதனை 12-ஆல் பெருக்குக. 30 ஆம்பியராயின் 360 வாட் என்பது கணக்கு.

கீழ்க்கண்டவற்றை மறவாதிருத்தல் நலம்:

1. பிராஸஸருக்குரிய எட்டு பின் இணைப்பும் கார்டுக்குரியதும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆனால் கம்பிகள் இடம் மாறியவை. முன்னது நான்கும் நான்குமாகவும், பின்னது ஆறும் இரண்டுமாகவும் பிரியும். பலவந்தமாகச் செருகினால் பாகங்கள் கருகும்.

2. ஹார்டு டிஸ்க்குக்குரிய சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கே உரியது. அதனை ஆறு பின்னாக மாற்றும் மலிவான துண்டுக் கம்பியைத் தவிர்க்க.

3. கழற்றி மாட்டும் கம்பிகளுடைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வேறு கம்பெனியின் கம்பியை இணைக்கலாகாது. பெட்டிப் பக்கத்து அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

4. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே வேலை தொடங்குக. கொக்கி மாட்டும் வரை இணைப்பை முழுதும் அழுத்துக. 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றின் பதினாறு பின் இணைப்பு உருகியது; முழுமையாகச் செருகாமை அதற்கு ஒரு காரணமெனக் கண்டனர்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தக்க இணைப்பு இல்லையெனில் இரு வழிகள் உள. ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றுதல். மற்றொன்று, தனிக் கம்பி வேண்டாத கார்டை வாங்குதல். 75 வாட்டில் இயங்கும் ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் அத்தகைய கார்டுகள் உண்டு. ஆயினும் சிலவற்றுக்கு ஆறு பின் தேவை.

சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு இப்பாகங்களுக்குப் பெயர் பெற்ற கடைத்தெருவாகும். அங்கு செல்லுமுன் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயர்ச்சீட்டையும் அதிலுள்ள இணைப்புகளையும் குறித்துக்கொண்டு செல்வோமாக. மின்வழியை முதலிலும் கார்டைப் பின்னரும் தேர்ந்தெடுப்பதே பொதுப் பணத்திற்கு நாம் செய்யும் காவலாகும்.