கணக்குக் கேட்கிறவரும் பங்கைப் பிரிக்கிறவரும்

தலவில

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பங்கில் ஒருவர் ஆள் சேர்க்கிறார், சுவாமியைக் குறைசொல்லித் திரிகிறார், திருவிழாவுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அருட்பணிச் சபையிலிருந்து மட்டுமல்ல, கோயிலிலிருந்தே அவரை விலக்க வேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பக்கம் பக்கமாக அவருடைய குணம் இருக்கிறது. அவருடைய முறைப்பாடு என்ன என்பதற்கு ஒரே ஒரு வரிதான்: போன வருடத்துக் கணக்கைக் கேட்கிறார். அந்தக் கணக்கு வாசிக்கப்பட்டதா? அதை நீங்கள் எழுதவில்லை. என் பதில் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

சபை பிரிகிற வேதனையை இலங்கைக் கத்தோலிக்கர் பெரிய அளவில் பட்டவர்கள். ஒல்லாந்தர் நம் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் வந்திறங்கிய யோசேவாஸ் முனிவர் யாழ்ப்பாணத்திலும் பிறகு நம் புத்தளத்திலும் மறைந்து மறைந்து பணி செய்து, 1692இல் கண்டிக்குப் போனார். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு இந்த மக்களுக்குப் பூசை வைத்தவர்கள், அவரைப் போலவே கோவாவிலிருந்து வந்த குருக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமாபுரி ஐரோப்பியக் குருக்களை அனுப்பத் தொடங்கியது. கோவாக் குருக்களோ போர்த்துக்கேய அரசரின் பதுரவாதோ உரிமையின்கீழ் இருந்தவர்கள். ஒரே வேதம், ஒரே பூசை, ஆனால் இரண்டு அதிகாரம். 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோவும் போர்த்துக்கல் அரசரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இலங்கையில் மிஞ்சியிருந்த பதுரவாதோக் கோயில்கள் ஐரோப்பிய ஆயர்களிடம் போகவேண்டியதாயிற்று.

தலைமுறை தலைமுறையாகத் தங்களோடு இருந்த குருக்களை விட மனமில்லாத மக்கள் கொதித்தார்கள். கொழும்பில் லிஸ்போவா பின்டோ என்ற வைத்தியர் முன்னின்றார். கோவாவில் ஆயரோடு முரண்பட்டிருந்த அல்வாரிஸ் சுவாமியை அழைத்துக்கொண்டார்கள். அவரைக் கேரளத்துச் சிரியன் ஒர்த்தடொக்ஸ் ஆயர்கள் 1889இல் மார் யூலியுஸ் என்ற பெயரில் ஆயராக அபிஷேகம் செய்தார்கள். கொழும்பு ஹல்ஸ்டோர்ப்பில் இருந்த நல்மரண மாதா கோயில் அவர்களுக்குத் தலைமைக் கோயிலாயிற்று. மன்னார்ப் பகுதியிலும் சில கோயில்கள் அவர்களோடு போயின.

ரோமாபுரியோடு நின்றவர்கள் இவர்களைப் பிரிவினைக்காரர் என்றார்கள். பிரிந்தார்கள்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்த அல்வாரிஸ் பின்பு கோவாவுக்குத் திரும்பி ஏழைகளோடும் நோயாளிகளோடும் வாழ்ந்தார். 1923 செப்டெம்பரில் அவர் இறந்தபோது, சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்று தெரிந்தும் சனம் திரண்டு போய் அடக்கம் செய்தது. இலங்கையில் அவர் தொடங்கிவைத்த தனிச் சபை சில பத்தாண்டுகளில் தேய்ந்து மறைந்தது. தனிப் பீடம் அந்த மக்களுக்கு எதையும் பெற்றுத் தரவில்லை. அவர்கள் எடுத்த முடிவு பிழை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் என் மனவருத்தம் கூடுதலாக மற்றப் பக்கத்தின் மீதுதான். யாரிடம் அதிகாரம் இருந்ததோ அவர்கள்தான் முதலில் இறங்கி வந்து, இந்தச் சனத்தின் மனம் ஏன் நொந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊரும் கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் கோயில் சண்டைகள் பல கோயிலில் தொடங்குவதே இல்லை. கரைவலைப் பாடு யாருக்கு, முறை யாருடையது, பருவத்துக்கு வந்து வாடி போட்டவர்களுக்கு எவ்வளவு இடம் என்று கடற்கரையில் மூண்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வந்து உட்காருகிறது. அவரோடு நிற்கிற குடும்பங்கள் யார் யார் என்று பாருங்கள். எல்லாரும் ஒரே கரைவலைப் பாட்டைச் சேர்ந்தவர்கள் என்றால் சுவாமியை மாற்றினாலும் சண்டை ஓயாது.

அவரை விலக்கச் சொல்கிறவர்கள் தீத்துவுக்குப் பவுல் எழுதியதைக் காட்டுவார்கள். அதில் விலக்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை இருக்கிறது. மத்தேயு 18இல் அதற்கும் முந்திய படி இருக்கிறது: முதலில் தனியே போய்ப் பேச வேண்டும், பிறகு ஒருவர் இருவரோடு போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சபை. உங்கள் பங்கிலிருந்து அவர் வீட்டுக்கு இதுவரை யாராவது போனார்களா? வாட்ஸ்அப்பில் வசைபாடியதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். யோவானின் மூன்றாம் கடிதத்தையும் வாசியுங்கள். அங்கே சபையைக் குலைக்கிற தியோத்திரேப்பு வெளியே நின்று கத்துகிறவர் அல்ல. முதலிடத்தை விரும்பி, பதவியில் இருந்துகொண்டு மற்றவர்களை வெளியே தள்ளுகிறவர் அவர்தான்.

கேட்ட கணக்கைக் காட்டிய பின்னும் அவர் பொய்யைப் பரப்பினால், கோயில் பெயரில் தனியாகக் காசு சேர்த்தால், சனத்தைப் பயமுறுத்தினால், அப்போது தயங்காதீர்கள். சபைப் பொறுப்பை எடுத்துவிடுங்கள், மைக்கைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பூசை முடிவில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அவருடைய தயவில் இருக்கிறோம் என்று எளிய குடும்பங்கள் அஞ்சிக் கிடக்க விடுவது அன்பாகாது. ஆனால் அவர் பூசைக்கு வருவதையோ, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தையோ, அவர் வீட்டாருக்குச் சவக்காலையில் இடத்தையோ ஒருக்காலும் தடுக்காதீர்கள். அப்படி ஒரு நாள் தடுத்த குடும்பம் இரண்டு தலைமுறைக்குத் திரும்பி வராது.

இங்கே தலவிலயில் 1843இல் கட்டிய அன்னம்மாள் கோயிலுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தமிழரும் சிங்களவரும் வருகிறார்கள், கிறிஸ்தவரல்லாதவரும் நேர்த்தியோடு வருகிறார்கள். இத்தனை பேர் ஒரே முற்றத்தில் தங்குவதைப் பார்த்துப் பழகியதால்தான், ஒரு பங்குக்குள் ஒருவரைத் தள்ளிவைக்கும் பேச்சு எனக்கு இவ்வளவு கசக்கிறது.

ஆகஸ்டு திருவிழாவுக்கு நீங்கள் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறே கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வரவு, செலவு, மிச்சம், பற்றுச்சீட்டு எல்லாமே. அதற்கு முன் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போகட்டும். ஒருவர் அவருடைய பாட்டைச் சேர்ந்த பெரியவராக இருக்கட்டும். நீங்கள் போகவேண்டாம், உங்கள்மீது அவருக்குக் கோபம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலவிலயிலிருந்து உங்கள் அண்ணன்