குலுக்கலா, ஓட்டமா, மறுவிற்பனையா? அரிய ஸ்னீக்கர் வாங்க ஐந்து வழிகள்

2020-இல் டியோரும் ஏர் ஜோர்டனும் சேர்ந்து ஒரு ஷூவை வெளியிட்டன. பொதுமக்களுக்கு ஒதுக்கியது 8,000 ஜோடி; இணையத்தில் பதிவுசெய்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அதாவது 625 பேருக்கு ஒரு ஜோடி. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ‘விற்றுத் தீர்ந்தது’ என்று திரையில் வந்ததும் நம் விரல்தான் மெதுவாக இருந்தது என்று பலர் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் குறை விரலில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: எந்த வழியில் முயல்வது என்ற முடிவு. ஒவ்வொரு வழியும் நம்மிடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது. உங்களிடம் எது தாராளமாக இருக்கிறதோ அதைக் கேட்கும் வழியில் போங்கள்.

1. குலுக்கல்: பொறுமை கேட்கும்

நைக்கின் எஸ்.என்.கே.ஆர்.எஸ்., அடிடாஸின் கன்ஃபர்ம்ட் ஆகிய செயலிகள் பல அரிய ஷூக்களைக் குலுக்கல் முறையில்தான் விற்கின்றன. தனிக் கடைகளும் ‘ராஃபிள்’ என்ற பெயரில் இதையே நடத்துகின்றன. விழுந்தால் கடை விலைக்கே கிடைக்கும். விழாவிட்டால் இழப்பு இல்லை. குறித்த நேரத்துக்குள் பதிவுசெய்தால் போதும், முதல் நொடியில் நுழைய வேண்டிய அவசியம் இல்லை. முகவரி, அளவு, அட்டை விவரம் மூன்றையும் முந்தைய நாளே சரிபார்த்து வையுங்கள். ஒரே ஷூவுக்குப் பல கடைகளின் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். ஒரே கடையில் பல கணக்குகள் வேண்டாம். கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள்.

2. முந்துபவருக்கே: வேகம் கேட்கும்

குறித்த நேரத்தில் விற்பனை திறக்கும். முதலில் பணம் கட்டியவருக்கு ஷூ. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஓடுவது மனிதர்கள் மட்டும் அல்ல. ‘பாட்’ எனப்படும் மென்பொருள், முகவரியை நிரப்பிப் பணம் கட்டுவது வரை நொடிகளில் முடித்துவிடும். அதனால் எல்லோரும் துரத்தும் ஷூவுக்கு இந்த வழியை நம்பாதீர்கள். ஓரளவு அதிக எண்ணிக்கையில் வரும் நிறங்களுக்கு இது நல்ல வழி. பாட்டை வாடகைக்கு எடுக்கும் ஆசையும் வேண்டாம். அப்படி வந்த ஆர்டர்களை ரத்துசெய்ய இடம்தரும் வகையில் நைக் 2022-இல் தன் விற்பனை விதிகளைத் திருத்தியது.

3. மறுவிற்பனைச் சந்தை: பணம் கேட்கும்

இங்கே அதிர்ஷ்டம் வேண்டாம், காசு வேண்டும். 2016-இல் தொடங்கிய ஸ்டாக்எக்ஸ், பங்குச் சந்தை போல நடக்கிறது: வாங்குபவர் ஒரு விலை கேட்பார், விற்பவர் ஒரு விலை சொல்வார், இரண்டும் சேரும் இடத்தில் விற்பனை. கோட் என்ற சந்தை பிறந்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. அதன் நிறுவனர்களில் ஒருவர் ஆசையாக வாங்கிய ‘கிரேப்’ ஜோர்டன் 5 போலியாகப் போனது. அங்கே அணிந்த ஜோடிகளும் படங்களோடு கிடைக்கும். பட்ஜெட் குறைவானால் அதையே முதலில் பாருங்கள். இபேயும் 2020 முதல் ஸ்னீக்கர்களைச் சோதித்து அனுப்புகிறது.

சோதனை பெரிய பாதுகாப்புதான், முழுப் பாதுகாப்பு அல்ல. ஸ்டாக்எக்ஸில் தான் வாங்கிய நான்கு ஜோடிகள் போலி என்று நைக் 2022-இல் நீதிமன்றத்தில் சொன்னது. காட்டும் விலையோடு கட்டணம், அனுப்பும் செலவு, இந்தியாவுக்கு வருவதானால் சுங்க வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அளவிலும் கவனம் தேவை. இந்தச் சந்தைகள் அமெரிக்க அளவில் பேசும். நம் கடைகளில் பிரிட்டன் அளவு. நைக்கில் ஆண்களுக்கான அமெரிக்க 9 என்பது பிரிட்டன் 8. அடிடாஸில் அதே அமெரிக்க 9 என்பது பிரிட்டன் 8.5. சென்டிமீட்டரில் இரண்டுமே 27தான். பாதத்தை அளந்து சென்டிமீட்டர் கணக்கில் வாங்குவதே நல்லது.

4. தனிநபரிடம்: நம்பிக்கை கேட்கும்

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விலை குறைவாக இருக்கும், ஆபத்து அதிகம். விற்பவரின் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாளை ஷூவின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் ஷூவின் உட்புறச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் விலகிவிடுங்கள். ஒன்றாக இருந்தாலும் அசல் என்று உறுதியாகிவிடாது, போலி செய்பவர்களும் எண்ணைப் பார்த்துத்தான் அச்சிடுகிறார்கள். முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

5. காத்திருப்பு: காலம் கேட்கும்

பலரும் மறந்துவிடும் வழி இது. ‘பாண்டா’ என்று பெயர் வாங்கிய நைக்கின் கறுப்பு வெள்ளை டங்க் ஷூ 2021-இல் வந்தபோது கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். நிறுவனம் அதைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. மறுவிற்பனை விலை இறங்கியது. அடிடாஸின் ‘யீஸி’ ஷூக்களுக்கான கூட்டு 2022-இல் முறிந்த பிறகும், கையிருப்பில் இருந்த ஜோடிகளை அந்நிறுவனம் 2023-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூட்டு வெளியீடாக இல்லாமல் நிறுவனத்தின் சொந்த நிறமாக இருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர் என்றால் குலுக்கலும் காத்திருப்பும். வேலையில் இருப்பவர், ஒரு குறிப்பிட்ட ஜோடிதான் வேண்டும் என்றால், சோதித்து அனுப்பும் சந்தை. உச்சவரம்பை முதலிலேயே தாளில் எழுதிவிட்டு அதற்கு மேல் போகாதீர்கள். தனிநபரிடம் வாங்குவது, ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மட்டும்.

விலை ஏறும் என்று பெட்டியிலேயே பூட்டிவைக்க வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோர்டன் 3, 4, 5 போன்றவற்றின் நடுஅடியில் பாலியுரித்தேன் இருக்கிறது. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். அணியாமலே வைத்திருந்தாலும் ஆண்டுகள் போனால் தூளாக உதிரும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். எந்த வழியில் வாங்கினாலும், காலில் போட்டு நடக்க வாங்குங்கள்.