உன்மத்தமும் ஊமத்தையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

செடிகளுக்கு வேர் உண்டு. சொற்களுக்கும் வேர் உண்டு. சில வேளைகளில் இரண்டும் ஒரே மண்ணில் இறங்கியிருக்கக் காணலாம்.

கண்ணைப் பறிக்கும் வண்ண ஓவியங்களையும் மயக்கும் இசையையும் 'சைக்கடெலிக்' என்று சொல்லக் கேட்கிறோம். இச்சொல் பழமையானதன்று. 1956-இல் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் இதனைப் படைத்தார். கிரேக்க மொழியில் 'சைக்கி' என்பது மனம். 'டெலோஸ்' என்பது வெளிப்படையானது. எனவே, 'மனத்தை வெளிப்படுத்துவது' என்பது இதன் பொருள். எல்.எஸ்.டி., மெஸ்கலின் போன்றவற்றைக் குறிக்கப் பிறந்த சொல், பின்னர் கலைகளுக்கும் அடைமொழியாயிற்று.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் யாது? உன்மத்தம் எனலாம். 'மத்' என்னும் வடமொழி வேருக்குக் களித்தல், வெறிகொள்ளுதல் என்பது பொருள். யானையின் மதமும் அவ்வேரில் கிளைத்ததே. வடமொழியில் 'உன்மத்த' என்பது பித்தனையும் குறிக்கும். ஒரு செடியையும் குறிக்கும். அச்செடியே நம் ஊமத்தை. தேவாரம் அதன் பூவை 'மத்தம்' என்று கூறும். பித்தன் எனப் பெயர் பெற்ற சிவபெருமானுக்கு அது உகந்த மலராயிற்று.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் காலி மனைகளிலும் குப்பை மேடுகளிலும் முட்காய்களுடன் நிற்கும் இச்செடிக்கு, 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் 'டட்டூரா மெட்டல்'. ஸ்கோபாலமின், ஹயோசயமின், அட்ரோபின் ஆகிய நச்சுப் பொருள்கள் இதில் உள்ளன. இவை நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் செயற்படவொட்டாமல் தடுக்கின்றன. உண்டவருக்கு வாய் வறளும், கண்பாவை விரியும், நாடி விரையும், உடல் கொதிக்கும். இல்லாதவரோடு பேசுவார்; பெற்ற தாயையும் அறியார். தெளிந்தபின் நடந்தது பெரும்பாலும் நினைவிராது. உயிர் போவதும் உண்டு.

இங்கே மனம் வெளிப்படவில்லை, மறைகிறது. ஆகவே அறிவியலார் ஊமத்தையைச் சைக்கடெலிக் வகையில் சேர்ப்பதில்லை. சித்தத்தைக் கலக்குவன என்னும் தனி வகையில் வைப்பர். சைக்கடெலிக் என்பது அப்பொருள்களை உண்டு பார்த்தவர் இட்ட பெயர். உன்மத்தமோ, உண்டவரை அருகிலிருந்து பார்த்தவர் இட்ட பெயர்!

அதே அட்ரோபின்தான், அளவறிந்து மருத்துவர் ஊசி வழியே செலுத்தும்போது, பூச்சிமருந்து உண்டவரின் உயிரைக் காக்கிறது. ஆனால் செடியிலுள்ள நஞ்சின் அளவு காய்க்குக் காய் மாறுபடும். கண்ணால் பார்த்து அறிய இயலாது. 'மலிவான மயக்கம்' என்று எவரேனும் அவ்விதையை நீட்டினால், நண்பர்களே, அதன் பெயரை நினைவில் கொள்வோம். அறியாது தின்ற குழந்தையைக் கண்டால், கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வோம். முன்னோர் அப்பெயரிலேயே எச்சரிக்கையையும் எழுதி வைத்துள்ளனர்.